பெரும்பாடும் ஒரு தீவுச் சிறுமியும்

மன்னார்க் கரையோரத்திலே 'பாடு' என்னும் சொல் பல பொருளில் வழங்குகின்றது. கரைவலை இழுப்பதற்கென ஒருவர்க்கு உரித்தான கடற்கரைப் பகுதி பாடு எனப்படும். வலையிலே கிடைத்த மீனையும் பாடு என்பர், "இன்று மீன்பாடு எப்படி?" என்பது வள்ளங்கள் கரை சேரும்போது கேட்கும் முதற் கேள்வி. தவக்காலத்திலே இயேசுநாதர் அனுபவித்த துன்பங்களைத் திருப்பாடுகள் என்று சொல்லி, அவற்றை உருவங்களைக் கொண்டு காட்சியாக நடத்துவது பேசாலை மக்கள் பேணிவரும் பழைய மரபு. இம்மூன்று பாடுகளும் உரத்த குரலிலே பேசப்படுவன. நான்காவதாக ஒரு பாடு உண்டு. ஆடவர் முன்னிலையில் அதனை எவரும் சொல்வதில்லை. பெண்டிரும் தம்முள்ளே தாழ்ந்த குரலில்தான் சொல்வர். மாதவிடாய்க் காலத்தில் அளவுக்கு மிஞ்சி உதிரம் போகும் நோயாகிய பெரும்பாடு என்பதே அது.

சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாக இந்நோய்க்கு வழங்கிவரும் பெயர் இது. விவிலியத்தைத் தமிழாக்கியோரும் இச்சொல்லை எடுத்தாண்டனர். பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணொருத்தியின் கதை நற்செய்தி நூல்களில் வருகின்றது. தன் கைப்பொருள் முழுவதையும் வைத்தியர் பலரிடம் கொடுத்தும் அவள் குணமடையவில்லை, நோய் இன்னும் மோசமாயிற்று என்று மாற்கு எழுதுகின்றார். வைத்தியர் என்று மரபு கூறும் லூக்கா, தம் தொழிலோரைப் பற்றிய அவ்வுரையைச் சற்றே மென்மையாகச் சொல்வது கவனிக்கத்தக்கது. அதே கதையிலே, சாகுந்தறுவாயிற் கிடக்கும் ஒரு சிறுமியும் வருகின்றாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. கோயிலிலே இப்பகுதி வாசிக்கப்படும்போது உதிரப்போக்குடைய பெண்ணை நடுத்தர வயதினளாகவே கேட்போர் எண்ணிக் கொள்வர். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கே பெரும்பாடு வரக்கூடும் என்ற எண்ணம் எவர்க்கும் எளிதில் எழுவதில்லை.

எழாமைக்குக் காரணமும் உண்டு. ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிச் சில மாதங்கள் வரையில் மாதவிடாய் ஒழுங்கின்றி வருவதும், சிலவேளை மிகுதியாகப் போவதும் இயல்பே. அக்காலத்திலே சூலகத்திலிருந்து மாதந்தோறும் சூல் வெளிப்படுதல் நிலைபெற்றிருப்பதில்லை. அதனால் கருப்பையின் உட்போர்வை ஒழுங்கின்றித் தடித்து ஒழுங்கின்றிக் கழிகின்றது. ஓரிரண்டு ஆண்டுகளில் இது பெரும்பாலும் சீராகிவிடும். "புதிதாகப் பெரியபிள்ளையானவளுக்கு இப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரிவரும்" என்று அம்மம்மாமார் சொல்வதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் அவ்வாறு சரிவராத பிள்ளைகள் சிலர் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். அவர்களுடைய குறை கருப்பையில் அன்று, குருதியிலேயே உள்ளது என்பதை மருத்துவ உலகம் அறிந்து நூறாண்டு ஆகின்றது. அதனை அறியச் செய்தவள், பேசாலையைப்போலவே கடல்சூழ்ந்த ஓர் ஊரில், கடல்தொழிலும் கப்பற்றொழிலும் செய்யும் மக்களிடையே பிறந்த ஒரு சிறுமி.

அவளுடைய கதைக்குச் செல்லுமுன், அதுவரை நிலவிய கருத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். சிறு காயத்திலிருந்தும் குருதி நில்லாது பெருகும் பரம்பரை நோய் பழங்காலந்தொட்டே அறியப்பட்டது. விருத்தசேதனத்தின்போது உதிரம் நில்லாமல் ஒரு தாயின் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்திருந்தால், அவளது அடுத்த ஆண்பிள்ளைக்கு அச்சடங்கைச் செய்தலாகாது என்று யூதரின் தல்மூத் விதித்திருந்தது. 1803 இல் அமெரிக்காவின் பிலதெல்பியா நகர வைத்தியரான யோன் கொன்ராட் ஓற்றோ என்பவர் குருதிப்போக்குடைய குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்நோயால் வருந்துவோர் ஆண்களே என்றும், பெண்கள் தாம் வருந்தாமல் அதனைத் தம் புதல்வர்க்குக் கடத்துவர் என்றும் அவர் தெளிவாக எழுதினார். ஈமோபீலியா என்று பின்னர் பெயர்பெற்ற நோய்க்கு இவ்விதி பொருந்தியது. விக்டோரியா மகாராணியாரின் புதல்வர் லியோப்போல்ட் இளவரசர் 1884 இல் விழுந்து அடிபட்டு இறந்தார். 1904 இல் பிறந்த உருசிய நாட்டு இளவரசர் அலெக்சியின் நோயோ உலகறிந்த கதையாயிற்று. அரச குடும்பங்களின் துன்பம் எவர் கண்ணுக்கும் படுமன்றோ! ஆகவே, குருதி நில்லா நோய் என்றால் அது ஆண்பிள்ளையின் நோய் என்ற எண்ணம் வைத்தியர் உள்ளத்தில் வேரூன்றியது. ஆண்பிள்ளையின் மூக்கிலிருந்து உதிரம் ஒரு நாள் முழுவதும் போனால் அது நோய். பெண்பிள்ளைக்கு மாதத்தில் பத்து நாள் போனால் அது பெண்ணின் தலைவிதி. வைத்திய நூலும் வீட்டு வழக்கமும் இவ்வொரு கருத்தில் முற்றாக ஒன்றுபட்டிருந்தன.

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே போல்ற்றிக் கடலில் ஓலாந்து என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. மன்னார்க் கோட்டையை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தரின் நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயர் ஒலியில் மட்டுமே ஒத்திருக்கின்றது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளும் பாறைத்திட்டுகளும் கொண்ட இக்கூட்டம் பின்லாந்தின் ஆட்சிக்கு உட்பட்டது. மக்கள் பேசுவது சுவீடிய மொழி. இத்தீவுக்கூட்டம் எந்நாட்டைச் சேர வேண்டும் என்ற பிணக்கைச் சர்வதேச சங்கம் 1921 இல் தீர்த்துவைத்தது. மொழியுரிமையோடு தன்னாட்சியும் இத்தீவினர்க்கு உண்டு. இக்கூட்டத்தின் தென்கீழ்ப் பகுதியிலே போக்லோ என்னும் சிறு தீவுத்தொகுதி இருக்கின்றது. மக்கள் தொகை குறைவு. கடல் இடையிலே கிடப்பதால், தலைமுறை தலைமுறையாக ஒரு சில குடும்பங்களுக்குள்ளேயே கொள்வனை கொடுப்பனை நடந்துவந்தது. தீவுகளில் வாழ்வோர்க்கு இது புதுமையான செய்தி அன்று.

1924 ஆம் ஆண்டிலே போக்லோவிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பின்லாந்தின் தலைநகரான எல்சிங்கிக்கு அழைத்துச் சென்றனர். அவளுக்கு மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் அடிக்கடி குருதி போயிற்று. சிறு காயமும் உயிருக்கு ஆபத்தாயிற்று. பிள்ளைகள் பலர் பிறந்த வீடு அது. அவளுக்கு முன்பிறந்த சகோதரிகளிற் சிலர் பாலப் பருவத்திலேயே குருதி நில்லாமல் இறந்திருந்தனர். சகோதரிகள் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஓற்றோவின் விதிப்படி அவர்கள் நோயுறாதவர்களாய் இருந்திருக்க வேண்டும்.

அவளைப் பார்த்தவர் எல்சிங்கி நகரத்து டீக்கனசு வைத்தியசாலையின் வைத்தியரான எரிக் வொன் வில்லபிராண்ட். 1870 இல் பிறந்த அவர், குருதி இழப்பின் பின்னர் குருதியில் நிகழும் மாற்றங்களைப் பற்றியே தம் பட்டத்துக்கான ஆராய்ச்சியைச் செய்தவர். அடக்கமான இயல்பினர். அவர் கையாண்ட சோதனைகள் இன்று பார்க்குமிடத்து மிக எளியவை. அவற்றுள் ஒன்று அமெரிக்க வைத்தியர் டியூக் 1910 இல் வகுத்தது. காதுச்சோணையில் ஊசியால் ஒரு சிறு குத்துக் குத்தி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றுத்தாளால் குருதியை ஒற்றியெடுத்து, எத்தனை நிமிடத்தில் நிற்கின்றது என்று பார்த்தல். சுகதேகிக்குச் சில நிமிடங்களில் நின்றுவிடும். இச்சிறுமிக்கு அது நிற்கவே நெடுநேரமாயிற்று. ஆயினும் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த அவளது குருதி உரிய நேரத்தில் உறைந்தது. குருதிச் சிறுதட்டுக்களை எண்ணிப் பார்த்தார். அவையும் தொகையிற் குறையவில்லை. ஈமோபீலியா நோயாளரிடம் குழாயில் உள்ள குருதி உறையத் தாமதிக்கும், இங்கே அவ்வாறில்லை. சிறுதட்டுக்கள் குறைந்து வரும் வேறு நோய்களும் இது அன்று. அப்படியானால் இது என்ன?

வொன் வில்லபிராண்ட் அடுத்துச் செய்த வேலை வைத்தியர் வேலையைக் காட்டிலும் ஊர்ப்பெரியவர் ஒருவரின் வேலையை ஒத்திருந்தது. சிறுமியின் தாய்வழியையும் தந்தைவழியையும் விசாரித்து, யாருக்கு மூக்கில் உதிரம் போனது, யாருக்குப் பல் பிடுங்கியபின் நிற்கவில்லை, எந்தப் பெண்ணுக்கு மாதவிடாயில் பெருகியது, எவள் பிள்ளைப்பேற்றின்போது வருந்தினாள் என்று பெயர் பெயராகக் குறித்து ஒரு வமிசவிளக்கப் படம் வரைந்தார். அதில் இடம்பெற்றோர் 66 பேர். அவர்களுள் 23 பேருக்கு இந்நோயின் அடையாளம் இருந்தது. தாயின் குடும்பம், தந்தையின் குடும்பம் இரண்டிலும் அது ஓடியது. நோயுற்றோரில் ஆண்களைக் காட்டிலும் பெண்களே மிகுதி. 1926 இல் பின்லாந்து வைத்தியர் சங்கத்தின் சஞ்சிகையில் சுவீடிய மொழியிலே இதனை வெளியிட்டு, 'பரம்பரைப் போலி ஈமோபீலியா' என்று பெயரிட்டார். நோயைப் பெண்கள் தாமே அனுபவித்தனர் என்பதும், அவர்களுடைய மாதவிடாயும் பிள்ளைப்பேறும் அதன் சாட்சிகள் என்பதும் அக்கட்டுரையால் நிலைநாட்டப்பட்டன. பின்னர் அவர் செருமானிய நாட்டு ஆராய்ச்சியாளரான உருடோல்வ் யூர்கென்சுடன் சேர்ந்தும் இந்நோயை ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் இது வொன் வில்லபிராண்ட் நோய் என்றே அறியப்படுகின்றது. 1949 இல் அவர் காலமானார்.

சிறுமியின் கதை அக்கட்டுரையோடு முடியவில்லை. மூக்கிலும் உதட்டிலும் வந்த ஆபத்துகளையெல்லாம் கடந்து அவள் வளர்ந்தாள், பெரியபிள்ளையும் ஆனாள். பதின்மூன்றாவது வயதில், தனது நான்காவது மாதவிடாயின்போது, உதிரம் நில்லாமல் இறந்தாள். அவளது நோய்க்கு அப்போது பெயர் இருந்தது. எழுத்தில் விவரம் இருந்தது. உலகத்தில் அந்நோயை நன்கறிந்த வைத்தியரே அவளை அறிந்திருந்தார். மருந்துதான் இருக்கவில்லை.

குருதி எவ்வாறு நிற்கின்றது என்பதைக் கரைவலைக்காரர் உள்ளத்திற் பதியுமாறு இப்படிச் சொல்லலாம். குருதிக்குழாயில் ஓட்டை விழுந்தவுடன் அதனை முதலில் அடைக்க ஓடிவருவன சிறுதட்டுக்கள். ஆனால் விரைந்தோடும் நீரில் மிதப்பன வெறுமனே கரையைப் பற்றமாட்டா. அவற்றைப் பிடித்துக் கட்ட ஒரு கயிறு வேண்டும். அக்கயிறாகப் பயன்படுவது குருதியின் திரவப் பகுதியிலுள்ள ஒரு நெடும் புரதம். காயம்பட்ட இடத்தில் ஒரு முனையும் சிறுதட்டில் ஒரு முனையுமாக அது பற்றிக்கொள்ள, ஓட்டை அடைபடுகின்றது. இப்புரதமே வொன் வில்லபிராண்ட் காரணி. இது குறைந்தவர்க்கு, அல்லது இருந்தும் வேலை செய்யாதவர்க்கு, அடைப்பு விழுவது தாமதமாகும். மூக்கின் உட்பக்கம், பல்லீறு, கருப்பை ஆகிய மென்மையான போர்வையுள்ள இடங்களிலேதான் இக்குறை முதலில் வெளிப்படும். கருப்பையின் உட்போர்வை மாதந்தோறும் கிழிந்து கழியும் இடம். ஆகையால் வேறெவ்வகையாலும் தோன்றாத மெல்லிய குறையும் ஒரு பெண்பிள்ளையின் முதல் மாதவிடாயிலே தோன்றிவிடக்கூடும். ஆண்பிள்ளையிடம் இந்நோய் பல் பிடுங்கும் வரை மறைந்திருக்கலாம். பெண்பிள்ளையிடம் மறைந்திருக்க இயலாது. மறைப்பவர் மனிதரே.

மருந்து வந்த வரலாற்றிலும் பெண்கள் பலரின் கை இருக்கின்றது. சுவீடன் நாட்டு மால்மோ நகரிலே இங்கா மரீ நில்சன் என்னும் பெண் வைத்தியரின் பராமரிப்பில், மாதவிடாய்ப் பெருக்கினால் உயிருக்கே ஆபத்தான நிலையில் ஓர் இளம்பெண் இருந்தாள். தொக்கோம் நகரத்து மார்கரீத்தா புளொம்பெக் அம்மையாரும் அவர் கணவரும் மனிதக் குருதியின் திரவத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுத்திருந்தனர். 1956 இல் அதனை அப்பெண்ணுக்கு ஏற்றியபோது குருதிப்போக்கு அடங்கியது. அடுத்த ஆண்டு இவ்வாராய்ச்சியாளர் ஓலாந்துக்கே சென்று, அச்சிறுமியின் சுற்றத்தாரைச் சோதித்து, அவர்களிடம் இருப்பதும் அதே குறைதான் என்று கண்டனர். ஈமோபீலியா நோயாளரின் குருதியிலிருந்து எடுத்த பகுதியும் இந்நோய்க்கு உதவியது. ஆகவே இவ்விரு நோய்களிலும் குறைவது ஒரே பொருள் அன்று என்பது விளங்கிற்று. 1964 இல் கலிபோர்னியாவிலே யூடித் பூல் அம்மையார், உறையவைத்த குருதித் திரவத்தை மெல்ல இளகவிட்டால் அடியில் தங்கும் வண்டலில் வேண்டிய காரணிகள் செறிந்திருப்பதைக் காட்டினார். பெரும் ஆலை எதுவும் இன்றி, ஒரு நல்ல இரத்த வங்கியே செய்துகொள்ளத்தக்க மருந்து அது. வசதி குறைந்த நாடுகள் பலவற்றில் இன்றும் பலரின் உயிரைக் காப்பது அதுவே.

யப்பானிலே உத்தாக்கோ ஒக்கமோத்தோ என்னும் அம்மையாரும் அவர் கணவரும் வேறொரு வழியிற் சென்றனர். உறைந்த குருதியைக் கரைத்துவிடும் ஆற்றல் ஒன்று உடலில் உண்டு. அதனைத் தடுத்தால் விழுந்த அடைப்பு நிலைத்து நிற்கும் என்று எண்ணி, போருக்குப் பிந்திய வறுமைக் காலத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினர். கைக்குழந்தையை முதுகிற் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்திலே நின்று வேலை செய்தவர் அவ்வம்மையார். பிள்ளைப்பேற்றின் பின் குருதி போய் இறக்கும் தாய்மாரைக் காப்பதே அவர் நோக்கம். 1962 இல் அவர்கள் வெளியிட்ட திரனெக்சாமிக் அமிலம் மாத்திரையாகக் கிடைக்கின்றது, விலையும் பெரிதன்று, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கின்றது. 1977 இல் இத்தாலியின் மிலான் நகரத்து மனூச்சி என்பவர், டெஸ்மோபிரெசின் என்னும் மருந்து உடலில் முன்பே சேமிக்கப்பட்டுள்ள வொன் வில்லபிராண்ட் காரணியை வெளிவரச் செய்யும் என்று காட்டினார். இவற்றோடு, மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் ஓமோன் மாத்திரைகளையும் வைத்தியர் கொடுப்பதுண்டு. அவை குடும்பக் கட்டுப்பாட்டுக்கென அறியப்பட்டவை ஆதலால், மணமாகாத பிள்ளைக்கு அவற்றைக் கொடுக்கப் பெற்றோர் கூசுவர். குருதியை நிறுத்தக் கொடுக்கும் மருந்தை மருந்தாகவே கொள்ளுதல் தகும்.

மருந்து வந்தபின்னும் நோயாளரைக் கண்டறிவது தாமதமாயிற்று. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள சிறுவர் வைத்தியசாலையில், கடுமையான மாதவிடாய்ப் பெருக்கோடு அனுமதிக்கப்பட்ட இளம் பெண்கள் 59 பேரின் விவரம் 1981 இல் வெளியாயிற்று. அவர்களில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் குருதியுறைதலிற் குறையுடையவர். முதல் மாதவிடாயிலேயே வைத்தியசாலைக்கு வர நேர்ந்தவர்களை மட்டும் எடுத்தால், அத்தொகை ஏறத்தாழப் பாதி. வீட்டாரால் இயல்பு என்று ஒதுக்கப்படும் முதல் மாதவிடாய்ப் பெருக்கே மிகுந்த ஐயத்துக்கு இடமானது என்று அவ்விவரம் காட்டியது. வொன் வில்லபிராண்ட் நோயோடு, சிறுதட்டுக்கள் குறைவதும் அவை தொகையில் நிறைந்தும் வேலை செய்யாதிருப்பதும் அவர்களிடையே காணப்பட்டன. 2006 இல் அமெரிக்கச் சிறுவர் வைத்தியர் சங்கமும் மகப்பேற்று வைத்தியர் சங்கமும், வளரும் பெண்பிள்ளையின் மாதவிடாயை நாடித்துடிப்பையும் உடல் வெப்பத்தையும் போல உடல்நலத்தின் அறிகுறியாகக் கொண்டு விசாரிக்க வேண்டும் என்று கூறின. ஓலாந்தின் சிறுமி எல்சிங்கிக்குச் சென்று அப்போது எண்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

தமிழ் மண்ணிலே மேலைநாட்டு வைத்தியம் தமிழ்மொழியிலேயே கற்பிக்கப்பட்டது பழைய பெருமை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே பணியாற்றிய கிறீன் வைத்தியர், பிரசவ வைத்தியம் பற்றிய நூலொன்றைத் தமிழாக்கி 1857 இல் வெளியிட்டார். தென்னிந்தியாவிலே, ஆண் வைத்தியரைத் தம் மனைவியர் அருகே விட மறுத்த மூவரின் வீடுகளில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிள்ளைப்பேற்றில் இறந்ததைக் கண்டு, ஐடா ஸ்கடர் அம்மையார் வைத்தியம் கற்கத் துணிந்தார். வேலூரில் அவர் தொடக்கிய சிறு வைத்தியசாலை பெரிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அவர் பிறந்ததும் வொன் வில்லபிராண்ட் பிறந்த 1870 ஆம் ஆண்டிலேயே. அந்த வேலூர்க் கல்லூரி இன்று குருதி நோய்களின் ஆராய்ச்சியில் இந்தியாவின் முன்னணி நிலையங்களுள் ஒன்று. ஆயினும் இம்முயற்சிகள் யாவும் முதலில் நோக்கியது பிள்ளைப்பேற்றையே. மணமாகாத சிறுமியின் உதிரப்போக்கை எந்த வைத்தியரிடம் சொல்வது, சொன்னால் ஊர் என்ன சொல்லும், நாளைக்கு இவளை யார் கொள்வார் என்ற அச்சம், நூலும் வைத்தியசாலையும் வந்தபின்னரும் போகவில்லை.

பெரியபிள்ளையானவளுக்குச் செய்யும் சடங்கை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். தனியிடத்தில் இருத்தி, நீராட்டி, முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து, மாமிமாரும் பெரியம்மாமாரும் சூழ்ந்திருப்பர். முட்டையும் உழுந்தும் வளரும் உடலுக்கு நல்லவையே. அவ்வாறு ஒதுக்கிவைத்தல் நல்லதோ தீயதோ, அதனால் ஒரு பயன் விளைந்தது: எத்தனை நாள் போயிற்று, எத்தனை துணி மாற்றினாள் என்பது மூத்த பெண்டிருக்குத் தெரிந்திருந்தது. இக்காலத்துப் பிள்ளை கடையில் வாங்கிய அணையாடையை எவரும் காணாமல் மாற்றிக்கொள்கின்றாள். பாடசாலையிலே வெண்சீருடையில் கறைபடும் என்று அஞ்சி வீட்டிலே நின்றுவிடுகின்றாள். மாதத்தில் நான்கைந்து நாள் வரவுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே வெற்றிடம் விழும். ஆசிரியர் அதனைச் சோம்பல் என்று எண்ணுவர். முகம் வெளிறி, படி ஏறும்போது மூச்சு வாங்கி, படிப்பில் மனம் ஊன்றாதிருப்பதையும் அதே கணக்கில் எழுதிவிடுவர். உண்மையில் அது குருதிச்சோகையாக இருக்கலாம்.

எவ்வளவு போனால் மிகுதி? சுவீடனின் கோட்டென்போர்க் நகரத்துப் பெண்களைச் சோதித்து 1966 இல் ஹால்பேர்க் என்பவர் குறித்த அளவு, ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லிலீற்றர். அதாவது பதினாறு தேக்கரண்டி. அதற்கு மேற்போனால், உணவிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்து இழப்பை ஈடுசெய்யாது. வீட்டிலே எவரும் அளந்து பார்ப்பதில்லை ஆதலால், ஏழு நாளுக்கு மேற்படுதல், ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை அணையாடை நனைந்து மாற்ற நேர்தல், பெரிய கட்டிகளாக விழுதல், இரவில் படுக்கை நனைதல் ஆகியவற்றைக் கொண்டே கணிக்கலாம். மூக்கிலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் உதிரம் போகும் வழக்கம், காரணமின்றி உடலிற் கண்டல், பல் பிடுங்கியபின் மறுநாளும் கசிதல் ஆகியவையும் சேர்ந்திருந்தால் ஐயம் வலுக்கும். இத்தகைய பிள்ளைக்கு வயிற்றுவலிக்கு அஸ்பிரின், டிஸ்பிரின் வகை மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுத்தலாகாது. அவை சிறுதட்டுக்களின் வேலையைத் தடுத்து உதிரப்போக்கை இன்னும் மிகுவிக்கும்.

சோதனை ஒருமுறை சரியாக வந்துவிட்டதாலேயே நோயில்லை என்று துணியவும் இயலாது. காய்ச்சலிலும் மனப்பதற்றத்திலும் வொன் வில்லபிராண்ட் காரணி தற்காலிகமாக ஏறும். ஓ வகைக் குருதியுடையவர்க்கு அது இயற்கையாகவே சற்றுக் குறைந்திருக்கும். ஆகவே வைத்தியர் இரண்டாம் முறையும் குருதி எடுக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளுதல் வேண்டா. பேசாலையில் உள்ளோர் முதலில் ஊர் வைத்தியசாலைக்கோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சென்றால், மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், நுண்ணிய சோதனைகளுக்கு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ வழிகாட்டுவர்.

1993 இல் சுவீடிய ஆராய்ச்சியாளர் ஓலாந்துக் குடும்பத்தின் பரம்பரையலகை ஆராய்ந்து, பன்னிரண்டாம் நிறமூர்த்தத்தில் உள்ள நெடிய எழுத்துத் தொடரிலே ஓரெழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டனர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அக்குறை வந்தால் நோய் மெல்லியதாகவோ இல்லாமலோ இருக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் அச்சிறுமியின் நிலை உண்டாகும். மச்சானும் மச்சாளும் மணக்கும் வழக்கமுள்ள தமிழரிடையே, ஒரே மூதாதையின் குறை இரு பக்கத்தாலும் வந்து சேர இடமுண்டு. வொன் வில்லபிராண்ட் நோயின் கடிய வகை, நெருங்கிய உறவில் மணம் செய்யும் மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். இதனால் எவருடைய குடும்பத்துக்கும் இழுக்கு இல்லை. வலையில் ஒரு கண் அறுந்திருப்பதை அறிந்தவன் அவ்விடத்தைப் பார்த்து இழுப்பான், அவ்வளவே.

பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் தாய், பெரும்பாலும் ஒரு சமாதானத்தோடுதான் பேச்சைத் தொடங்குவாள்: "எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான், டொக்டர். எனக்கும் இப்படித்தான். அம்மாவுக்கும் இப்படித்தான்." பரம்பரை பரம்பரையாக இது இயல்பு என்பதற்குச் சான்றாகவே அவள் அதனைச் சொல்கின்றாள். விடயமறிந்த வைத்தியர் அவ்வுரையைக் கேட்டவுடன் எழுதுகோலை எடுத்து, எந்தெந்தப் பெண்களுக்கு என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் குறிக்கத் தொடங்குவார்.